குடும்பத்தோடு ஸ்பெயினுக்குக் குழுச் சுற்றுலா: சாப்பாட்டு மணியை வைத்துத் திட்டமிடுவது எப்படி

கொழும்பில் முகவர்கள் தரும் ஸ்பெயின் பயண நிரல்களில் நாலைந்தை ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: பார்சலோனா, வலென்சியா, கிரானடா, செவீயா, மாட்ரிட். விலையிலும் பெரிய இடைவெளி இராது. நல்ல பயணத்தையும் அலுப்பான பயணத்தையும் பிரிப்பவை சிறிய எழுத்தில் கிடக்கும் இரண்டு விடயங்கள்தான். எந்தச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது ஒன்று; எந்த நுழைவுச்சீட்டு எந்த நேரத்துக்கு, யாருடைய பெயரில் எடுக்கப்படுகிறது என்பது மற்றது. முற்பணம் கட்டமுதல் இவை இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மணிக்கூட்டுக் கணக்கு

ஸ்பெயின் பூகோளப்படி இங்கிலாந்துக்கு நேர் தெற்கே கிடக்கும் நாடு. ஆனால் 1940 முதல் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்து நேரத்தையே அது பின்பற்றுகிறது. அதனால் அங்கே சூரியன் மணிக்கூட்டுக்குப் பிந்தித்தான் மறையும். ஏப்ரல் கடைசியில் மாட்ரிட்டில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூனில் ஒன்பதரை தாண்டும். சாப்பாடும் அதற்கேற்பப் பிந்துகிறது. மத்தியானச் சாப்பாடு இரண்டு மணியிலிருந்து நான்கு வரை. இராச்சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பம். நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நல்ல உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் முழுச்சாப்பாடு போடும் கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடக்கும் கடை.

இனி உங்கள் வயிற்றின் மணியைப் பாருங்கள். கோடை நேரத்தில் (மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை) இலங்கை மூன்றரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் நான்கரை. ஸ்பெயினில் இரவு ஒன்பது மணிக்கு மேசையில் உட்காரும்போது உங்கள் உடம்புக்குக் கோடையில் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. முதல் நான்கு நாளும் பிள்ளைகள் தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுவார்கள். அம்மம்மா சாப்பிடாமலே எழும்பிவிடுவா. ஆகவே 'எல்லா நாளும் இராச்சாப்பாடு உட்பட' என்று விளம்பரப்படுத்தும் பயணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சாப்பாடு பெரும்பாலும் மாலை ஏழரைக்கு ஹோட்டல் பஃபேயாகவே இருக்கும்: அவித்த பாஸ்தா, பொரித்த கோழி, பொதியிலிருந்து கொட்டிய சலாது. உள்ளூர்க்காரர் சாப்பிடாத நேரத்தில் உள்ளூர்க்காரர் சாப்பிடாத உணவு.

முகவரிடம் கேட்கவேண்டியது இதற்கு நேர்மாறானது: பத்து நாளில் ஐந்தாறு மத்தியானச் சாப்பாட்டைச் சேர்த்து, இரவுகளை விட்டுவிடச் சொல்லுங்கள். காலையில் ஹோட்டலில் நிறைவாகச் சாப்பிட்டால் (எட்டு மணி அங்கே, கொழும்பில் பதினொன்றரை) இரண்டு மணி வரை தாங்கும். இரண்டு மணிக்குப் பெரிய சாப்பாடு. ஆறரைக்குச் சுரோஸ் (பொரித்த மாப் பலகாரம்), தோர்த்தீயா (தடித்த முட்டைப் பொரியல்), ஒரு துண்டு பாண், அவ்வளவோடு அறைக்குப் போய்விடலாம். செலவும் குறையும். திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் பல உணவகங்களில் 'மெனு தெல் தியா' என்ற நாள் சாப்பாடு உண்டு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது கோப்பி, பாண், குடிவகை எல்லாம் ஒரே விலையில், பல இடங்களில் 13 முதல் 18 யூரோவுக்குள் முடியும். அதே உணவுகளை இரவில் தனித்தனியாகக் கேட்டால் ஒன்றரை மடங்கு போகும்.

எப்போது, எந்த வழியாக

பாடசாலை விடுமுறைதான் பெரும்பாலான குடும்பங்களுக்குத் திகதியைத் தீர்மானிக்கிறது. ஓகஸ்ட் விடுமுறையில் தெற்கே போகவேண்டாம். செவீயாவும் கோர்டோபாவும் 40 பாகை தாண்டும். கொழும்பு வெயிலுக்குப் பழகியவர்களையும் அந்த உலர் வெக்கை வாட்டும், நிழல் இல்லாத கல்தெருவில் நாலு மணிக்கு நடக்க முடியாது. ஓகஸ்ட்தான் கிடைக்கும் என்றால் பில்பாவோ, சான் செபாஸ்தியான் என்று வடகரைக்குப் போகும் குழுவைத் தேடுங்கள். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை காலநிலைக்கு மிகப் பொருத்தம், ஆனால் ஈஸ்டர் வாரம் எங்கே விழுகிறது என்று கலண்டரில் பார்க்கவேண்டும். அந்த வாரம் செவீயாவில் திருச்சொரூப ஊர்வலங்களால் நகர மையத்துத் தெருக்கள் மூடப்படும், ஹோட்டல் விலை ஏறும், பஸ் ஹோட்டல் வாசலுக்கு வராது. ஊர்வலம் பார்ப்பதே நோக்கமான கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அது வேறு கதை, அதற்கென்றே போகலாம். ஈஸ்டருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அதே ஊரில் ஏப்ரல் திருவிழா. அப்போதும் இதே நெரிசல்தான். டிசம்பரில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம். 24ஆம் திகதி இரவும் 25ஆம் திகதியும் உணவகம் கிடைப்பது கடினம்.

கொழும்பிலிருந்து நேர் விமானம் இல்லை. டோஹா, டுபாய், இஸ்தான்புல் வழியே மாறவேண்டும். பார்சலோனாவில் இறங்கி மாட்ரிட்டில் ஏறும்படி சீட்டு எடுத்தால், வந்த வழியே 600 கிலோமீற்றர் திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சம். பதினொரு இரவு இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: பார்சலோனா மூன்று, வலென்சியா ஒன்று, கிரானடா இரண்டு, கோர்டோபாவில் மத்தியானம் இறங்கிப் பார்த்துவிட்டு செவீயா இரண்டு, மாட்ரிட் மூன்று (அதில் அரை நாள் டொலேடோ). செவீயாவிலிருந்து மாட்ரிட்டுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணித்தியாலம். பஸ்ஸில் 530 கிலோமீற்றர், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இந்த ஒரு கட்டத்துக்காவது ரயில் போடச் சொல்லிக் கேளுங்கள். பயணப்பெட்டிகள் ஸ்கேன் ஆகவேண்டும் என்பதால் அரை மணித்தியாலம் முன்னரே நிலையத்தில் நிற்கவேண்டும்.

எட்டு நாளில் ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் முடிக்கும் நிரல்களில் பார்ப்பது பஸ் கண்ணாடியைத்தான்.

பஸ்ஸைப் பற்றி ஒரு சட்டம் தெரிந்திருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாரதி நான்கரை மணித்தியாலம் ஓட்டுவதற்குள் மொத்தம் 45 நிமிடம் ஓய்வெடுக்கவேண்டும். ஒரு நாளில் வழக்கமாக 9 மணித்தியாலம்தான் ஓட்டலாம். பஸ்ஸில் பொருத்திய கருவி அதை நிமிடக் கணக்கில் பதிகிறது. வலென்சியாவிலிருந்து கிரானடா ஏறக்குறைய 500 கிலோமீற்றர். காலையில் நாலு குடும்பம் அரை மணித்தியாலம் பிந்தினால் சாரதி வேகமாக ஓட்டி ஈடுகட்டமாட்டார். கடைசியில் வெட்டப்படுவது உங்கள் மாலை உலாத்தல்தான். இங்கே போல 'அண்ணே, இன்னும் பத்து நிமிசம்' என்று சொல்லிப் பார்ப்பதில் பயன் இல்லை. அபராதம் கட்டுவது அவரும் அவரது கம்பனியும்.

முகவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 20 பேர் என்றால் ஒரு உணவகத்தில் ஒன்றாக உட்காரலாம். 45 பேர் என்றால் பெரிய மண்டபம் உள்ள கடைக்குத்தான் கொண்டுபோவார்கள். கொழும்பிலிருந்து கூட வருபவர் குழுத் தலைவர். ஒவ்வொரு ஊரிலும் சேர்பவர் அங்கத்தைய உரிமம் பெற்ற வழிகாட்டி. இரண்டு பேரும் உண்டா, வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார், காதில் மாட்டும் ஒலிக்கருவி உண்டா? ஒலிக்கருவி இல்லாவிட்டால் கோர்டோபா மசூதியின் 856 தூண்களுக்கு நடுவே கடைசியில் நடக்கும் தாத்தாவுக்கு ஒரு சொல்லும் கேட்காது.

ஹோட்டல் 'பார்சலோனா' என்று எழுதியிருந்தால் முகவரியைக் கேட்டு வரைபடத்தில் பாருங்கள். நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருந்தால், மாலையில் நடந்து போய் ஒரு தப்பாஸ் (சிறுதட்டு உணவு) சாப்பிட முடியாது. திரும்பவும் அந்த பஃபேதான் கதி. மூன்று பேர் அறை என்பது பெரும்பாலும் இருவர் கட்டிலோடு ஒரு மடிப்புக் கட்டில். பெரியவர் ஒருவரை அதில் படுக்கவைக்க வேண்டிவரும் என்றால் இரண்டு அறைகளாகக் கேளுங்கள். பார்சலோனாவில் ஒரு இரவுக்கு ஒரு ஆளுக்கு நகர வரி உண்டு, 16 வயது வரை உள்ளவர்களுக்கு விலக்கு. அது விலையில் அடங்கியதா, ஹோட்டலில் கட்டுவதா? சாரதிக்கும் வழிகாட்டிக்கும் நாளொன்றுக்கு எத்தனை யூரோ சந்தோசம் வாங்குவார்கள்? ஸ்பெயினில் உணவகத்தில் டிப்ஸ் கட்டாயமில்லை. குழுப் பயணத்தில் மட்டும் அதை முன்கூட்டியே வசூலிக்கும் வழக்கம் உண்டு. ஐந்து பேர் குடும்பத்துக்குப் பதினொரு நாள் கணக்கு சின்னத்தொகை அல்ல.

விசா

ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுங்கால விசாவுக்கு அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம்; கடைசி எல்லை 15 நாள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே மூன்று மாதம் இருக்கும்போதே கோப்பு தயாராக இருக்கட்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் இந்தக் காசு திரும்பாது.

கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் வழங்கியதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்கவேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், உடலை நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு உட்பட இருக்கவேண்டும். எழுபது தாண்டியவர்களுக்குக் காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவு, இருதய நோய் போன்ற பழைய வருத்தங்கள் விலக்கப்பட்டுள்ளனவா என்று வாசித்துப் பாருங்கள். விசாவுக்குப் போதுமான காப்புறுதி எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போதுமானதல்ல.

குழுவாகப் போனாலும் ஒவ்வொரு குடும்பத்தின் கோப்பும் தனியாகத்தான் பார்க்கப்படும். அதிகம் தடுமாறும் இடம் வங்கிக் கூற்று. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னர் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை சந்தேகத்தைத் தரும். நிலம் விற்ற காசு என்றால் உறுதியின் பிரதியை வையுங்கள், வெளிநாட்டுத் தம்பி அனுப்பியது என்றால் அவரது கடிதத்தை வையுங்கள். தமிழில் உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். பெயர் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முழுவதுமாக, மற்றதில் முதலெழுத்தாக இருப்பது நம் குடும்பங்களில் வழக்கமான சிக்கல். பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு இரு பெற்றோரின் சம்மதமும் தேவை.

2025 ஒக்டோபரில் ஆரம்பமான புதிய எல்லைப் பதிவு முறையில், இறங்கும் விமான நிலையத்தில் முகப்படம் எடுத்து, விரலடையாளத்தைச் சரிபார்க்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே முகப்படம் மட்டும். முதல் தடவை வரிசை நீளும். இறங்கிய நாளுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு எதையும் போட விடாதீர்கள்.

நேரம் குறித்த சீட்டுகள்

கிரானடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராதான் இதில் கடினமானது. சீட்டில் ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. உள்ளே நஸ்ரி அரண்மனைகளுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் குறித்திருப்பார்கள்; அதைத் தவறவிட்டால் தோட்டத்தையும் கோட்டையையும் பார்க்கலாம், அரண்மனைக்குள் விடமாட்டார்கள். சிங்க முற்றமும் அதன் பன்னிரண்டு கற்சிங்கங்களும் இருப்பது அந்த அரண்மனைக்குள்தான். அது இல்லாமல் கிரானடாவுக்கு வந்ததில் பாதி வீண். வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. சீட்டு எடுத்த பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது முதலாவது: இலக்கம் மாறிவிடும். மூலக் கடவுச்சீட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வருவது இரண்டாவது. கெனரலிஃபே தோட்டப் பக்க வாசலால் நுழைந்து, படம் எடுத்துக்கொண்டு நின்று, அரண்மனைக்கு 15 முதல் 20 நிமிட நடை இருக்கிறது என்பதை மறப்பது மூன்றாவது. முழுவதையும் பார்க்க மூன்று மணித்தியாலம் வேண்டும், ஏற்ற இறக்கம் நிறைய. முழங்கால் நோவுள்ளவர்களை முதலில் அரண்மனைக்கு அழைத்துப் போங்கள். தோட்டம் மிச்ச பலத்துக்கு.

பார்சலோனாவின் சக்ராதா ஃபமீலியா 1882இல் அத்திவாரமிட்ட தேவாலயம். அடுத்த வருடமே பொறுப்பேற்ற அந்தோனி கௌடி 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே கிடந்தார். இங்கே நேரத்தை ஒளியை வைத்துத் தெரிவுசெய்யுங்கள். கிழக்குக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும். காலை ஒன்பது, பத்து மணிக்கு அழகு. மேற்குக் கண்ணாடிகள் செம்மஞ்சளும் சிவப்பும். மாலை நான்கு, ஐந்துக்கு மண்டபமே தீப்பற்றியதுபோல இருக்கும். உச்சி வெயிலில் போனால் இரண்டும் இல்லை, ஆனால் முகவர்களுக்கு இலகுவாகக் கிடைப்பது அந்த நேரம்தான். கோபுரத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விடமாட்டார்கள். ஏறுவது மின்தூக்கியில், இறங்குவது ஒடுங்கிய சுருள்படியில்.

மாட்ரிட்டில் பிராதோ நூதனசாலை கடைசி இரண்டு மணித்தியாலம் இலவசம் (திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8, ஞாயிறு 5 முதல் 7). 18 வயதுக்குக் கீழே எப்போதுமே இலவசம் என்பதால் குடும்பத்துக்கு மிச்சம் இரண்டு பெரியவர் சீட்டுத்தான். அதற்காக நீண்ட வரிசையில் பிள்ளைகளை நிறுத்துவதா என்று யோசியுங்கள். பிக்காசோவின் 'குவெர்னிக்கா' இருக்கும் ரெய்னா சோஃபியா செவ்வாய்க்கிழமை பூட்டு. செவீயாவின் ஹிரால்தா மணிக்கோபுரத்தில் படிகளுக்குப் பதில் 35 சாய்தளங்கள் உண்டு, பெரியவர்களும் மெதுவாக ஏறிவிடலாம்.

மேசையில்

பிள்ளைகளுக்கு விமானத்திலேயே மூன்று சொல் சொல்லிக்கொடுங்கள். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் அங்கே சித்தப்பா பிள்ளைகள்போல எதிரில் வரும்: பாண் அங்கே 'பான்', மேசை 'மெசா', சப்பாத்து செவீயாப் பக்கம் 'சப்பாத்தோ'. கடையில் பாண் கேட்க மொழிபெயர்ப்புச் செயலி தேவையில்லை.

சைவக்காரருக்கு ஸ்பெயின் கடினமான நாடு அல்ல, ஏமாற்றும் நாடு. 'கார்னே' என்றால் இறைச்சி என்று அகராதி சொல்லும். பல பரிசாரகர்களுக்கு அது மாட்டையும் பன்றியையும்தான் குறிக்கும். 'சின் கார்னே' என்று கேட்டால் கோழியோ, சூரைமீனோ, பன்றித்தொடை உப்புக்கண்டமான ஹமோனோ தூவி வரலாம். கலவைச் சலாதில் சூரைமீன் வழக்கம். போஞ்சியும் கூனைப்பூவும் ஹமோன் துண்டோடு வதக்கப்படும். பருப்புக் கூட்டில் சொரிஸோ எனும் பன்றிச் சொசேஜ் கிடக்கும். செவீயா, கோர்டோபாப் பக்கத்துக் குளிர்ந்த தக்காளிக் கூழான சால்மொரேஹோவின் மேல் முட்டையும் ஹமோனும். குரோக்கெத்தா உருண்டைக்குள் அதே ஹமோன். மரக்கறிச் சோற்றைக்கூட இறைச்சி ரசத்தில் வேகவைப்பார்கள். ஆகவே ஒரு சொல்லை நம்பாமல் பட்டியலாகச் சொல்லுங்கள்: இறைச்சி, ஹமோன், கோழி, மீன், சூரைமீன், இறைச்சி ரசம் எதுவும் வேண்டாம் என்று. குழு வழிகாட்டியிடம் இதை முதல் நாளே ஸ்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, படம் எடுத்து எல்லோருடைய தொலைபேசியிலும் போட்டுவிடுங்கள். மாடு சாப்பிடாதவர்கள் 'தெர்னேரா', 'புவேய்', 'ராபோ தெ தோரோ' என்ற சொற்களைப் பட்டியலில் பார்த்தால் தாண்டிப் போகவும்.

பயமில்லாமல் கேட்கக்கூடியவையும் நிறைய. பாண் துண்டில் உள்ளியும் தக்காளியும் தேய்த்து ஒலிவ் எண்ணெய் விட்ட 'பான் கொன் தொமாத்தே', கல்லுப்பு தூவிப் பொரித்த பாத்ரோன் மிளகாய் (பெரும்பாலும் உறைக்காது, எப்போதாவது ஒன்று உறைக்கும்), செவீயாவின் கடலையும் பசளிக்கீரையும், கோர்டோபாவின் பாணி விட்ட கத்தரிக்காய்ப் பொரியல், கத்தலோனியாவின் சுட்ட மரக்கறி எஸ்கலிவாதா, பாதாம் அரைத்த வெள்ளைக் குளிர்ச்சூப் அஹோபிளாங்கோ. முட்டை சாப்பிடுபவருக்கு உருளைக்கிழங்குத் தோர்த்தீயா எந்த ஊரிலும் காப்பாற்றும். பொரியல் எண்ணெய் கணவாய் பொரித்ததாக இருக்கலாம் என்பதைக் கண்டிப்பான சைவக்காரர் நினைவில் வைக்கவும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பயணத்தில் எந்த ஊர் வெள்ளியில் விழுகிறது என்று இப்போதே பாருங்கள். செவீயாவில் விழுந்தால் கவலையில்லை.

ஹலால் தேடும் குடும்பங்களுக்கு மாட்ரிட்டில் லவபியேஸ், பார்சலோனாவில் ராவல் பகுதி, கிரானடாவில் அல்பாய்சின் அடிவாரத்து மொறோக்கோத் தேநீர்க்கடைத் தெரு. குழுச் சாப்பாட்டில் ஹலால் கோழிக்குப் பதில் மீன் கேட்பது நம்பகமானது, ஆனால் வைன் விட்டுச் சமைத்ததா என்றும் கேட்கவேண்டும். 'அல் ஹெரெஸ்' என்று பெயரில் வந்தால் அதில் செரி வைன் உண்டு. இனிப்புகளில் கவனம்: மந்தெகாதோ, பொல்வொரோன், மயோர்க்காவின் என்சைமாதா ஆகியவற்றில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது மரபு.

பயேயா

சோறு சாப்பிடும் சனத்துக்கு இதைச் சரியாகச் செய்வது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாக. பயேயா வலென்சியாவின் மத்தியான உணவு. இரவில் போட்டு, வாசலில் படப்பலகை வைத்து, தேசிக்காய் மஞ்சளில் நிறமூட்டி விற்பது வேறு சாமான். வலென்சியாப் பயேயாவில் இறால் கிடையாது. கோழி, முயல், போஞ்சி, கர்ரொஃபோ எனும் பெரிய வெள்ளை அவரை, தக்காளி, மிளகாய்த்தூள்போலத் தோன்றும் பாப்ரிக்கா, குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை. சொரிஸோ போட்டால் வலென்சியாக்காரருக்குக் கோபம் வரும். முயல் வேண்டாதவர்கள் கடலுணவுப் பயேயாவோ மரக்கறிச் சோறோ கேட்கலாம், தனிச் சட்டியில்.

சட்டி அகலம், சோறு ஒரு விரல் தடிப்புக்கு மேல் இராது. குட்டையான பொம்பா அரிசிக்கு மூன்று பங்கு ரசம் ஊற்றி, பரப்பி, பதினெட்டு நிமிடம் கிண்டாமல் விடுகிறார்கள். கிண்டினால் மாப்பசை கரைந்து கஞ்சியாகும். கடைசியில் அடியில் பிடிக்கும் பொன்னிறக் கருகல் 'சொக்கர்ராத்'. நம் வீட்டில் சட்டியடிச் சோற்றுக்கு அடிபடுவதுபோல அங்கேயும் அதற்கு அடிபாடு. கட்டளை கொடுத்து முப்பது, நாற்பது நிமிடம் ஆகும், குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள். குழு இரண்டு மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டு இரண்டரைக்குப் போனால் சோறு ரசத்தை உறிஞ்சி ஊதிக் களியாகிவிடும். அதற்குச் சமையற்காரரைக் குறைசொல்ல முடியாது. குழம்பு கேட்காதீர்கள். தேசிக்காய்த் துண்டு தருவார்கள், அது போதும்.

காலையில் மத்திய சந்தையைப் பாருங்கள். மாலை மூன்றுக்குப் பூட்டிவிடும், ஞாயிறு திறவாது. பிள்ளைகளுக்கு ஓர்ச்சாதா வாங்கிக்கொடுங்கள்: கோரைப் புல் இனத்துச் சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், நம் தேங்காய்ப்பால் பிழிவதுபோலவே. மாட்டுப்பால் சேராது.

மற்ற ஊர்களில் சில்லறைக் கணக்குகள். கிரானடாவில் குடிவகை ஒன்று வாங்கினால் ஒரு சிறு தட்டு இலவசமாக வரும். சைவம் என்று குடிவகை கேட்கும்போதே சொல்லுங்கள். ஒரே உணவுக்குத் தப்பா சின்னத் தட்டு, மெதியா ராசியோன் அரைத் தட்டு, ராசியோன் முழுத் தட்டு. ஐந்து பேருக்கு மூன்று முழுத் தட்டில் ஆரம்பித்தால் வீணாகாது. வெளியே மேசையில் இருந்தால் விலை கூடலாம். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2022 முதல் சட்டம். 'ஆக்வா தெல் க்ரிஃபோ' என்று கேளுங்கள், இல்லையென்றால் போத்தல் வரும்.

பெட்டியில் என்ன

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக முடியாது. பால்மாவும் (குழந்தைப்பால் தவிர) அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், வெற்றிலை எல்லாம் தாவரச் சான்றிதழ் கேட்கும், ஆகவே விட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, மாசிக் கட்டைச்சம்பல் போத்தல், தேயிலைப் பைகள் போதும். மாசி மீன் வகை என்பதால் தடையில்லை. ஸ்பானிய உணவில் உறைப்பு மிகக் குறைவு, மூன்றாம் நாள் அந்தச் சம்பல் போத்தலைச் சுற்றி மேசையே கூடும். உணவகத்தில் வெளியே எடுக்கமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறைகளில் கேத்தல் பெரும்பாலும் இராது. சிறிய பயணக் கேத்தல் ஒன்று எடுத்துப்போனால் காலைத் தேத்தண்ணிக்கு வழி பிறக்கும். மின்னழுத்தம் இங்கே போலவே 230 வோல்ற். ஆனால் இரண்டு உருண்டைக் கால் பிளக், அதற்கு மாற்றி வேண்டும். கழிவறையில் கைக்குழாய் இருக்காது, ஒரு வெற்றுப் போத்தலை வைத்துக்கொள்ளுங்கள். சேலை படத்துக்கு அழகு, ஆனால் டொலேடோவின் உருளைக்கல் தெருவில் பழகிய சப்பாத்துத்தான் காலைக் காக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அங்கே வைத்தியர் சீட்டில்லாமல் கிடைக்காது. வழக்கமான மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

களவு

அடிதடி இல்லை, விரல்வித்தைதான். பார்சலோனாவின் ராம்ப்லா, மெட்ரோக் கதவோரம், மாட்ரிட்டின் சோல் சதுக்கம், ஹோட்டல் காலைச் சாப்பாட்டு மண்டபம். கடைசியைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனால் திரும்பும்போது இராது. கிரானடா பேராலயத்தைச் சுற்றி ரோஸ்மேரிக் கொப்பு நீட்டிக் கை பார்க்க வருபவர்களிடம் கையைக் கொடுக்கவேண்டாம், பிறகு காசு கேட்பார்கள். தாலிக்கொடியையும் வளையல்களையும் வெள்ளவத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மூலக் கடவுச்சீட்டு சட்டைக்குள் தொங்கும் பையில், பிரதி வேறொருவரிடம். தொலைந்தால் பொலிஸில் 'தெனுன்சியா' எனும் முறைப்பாட்டுத் தாள் வாங்குங்கள்; அது இல்லாமல் காப்புறுதி பேசாது. அவசர இலக்கம் 112.

அட்டைக் கருவி 'ரூபாயா யூரோவா' என்று கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று வீதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்தக் கருவிக்காரர்.

திரும்பும்போது

குங்குமப்பூ லா மஞ்சா உற்பத்தி முத்திரையுள்ளதாக, தூளாக அல்லாமல் இழையாக வாங்குங்கள். புகையூட்டிய பாப்ரிக்கா லா வேரா தகரத்தில் வரும். ஒலிவ் எண்ணெய்க்குக் கண்ணாடியை விடத் தகரம் நல்லது. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் இரண்டு பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி உடுப்புக்கு நடுவில் வையுங்கள்.

உடுப்பு, சப்பாத்து, கைப்பை போன்றவற்றில் 21 வீத வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அதைத் திரும்பப் பெறலாம். ஸ்பெயினில் குறைந்தபட்சத் தொகை என்று இல்லை. கடையில் கடவுச்சீட்டைக் காட்டி மின் படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கமுதல் 'தீவா' என்ற கருவியில் படிவத்தின் குறியீட்டை வருடவேண்டும். பச்சை விளக்கு வந்தால் சரி, சிவப்பு வந்தால் சாமானைச் சுங்கத்தில் காட்டவேண்டும். குழுவாகப் போகும்போது இங்கேதான் சறுக்கும்: குழுத் தலைவர் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாக ஒப்படைத்துவிடுவார், சாமான் பெட்டிக்குள் போய்விடும். முந்திய நாள் இரவே அவரிடம் சொல்லி, மூன்று மணித்தியாலத்துக்குப் பதில் மூன்றரை மணித்தியாலம் முன்னரே பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கள்.